காசான் விதையைக் காயவைத்த கதை

பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. அடியில் காய்ந்த வேப்பிலை, அதன்மேல் சலித்த அடுப்புச் சாம்பல், நடுவில் காசான் என்கிற காட்டு மரத்தின் விதை 200. அவரை, பீர்க்கு, சுரை எல்லாவற்றையும் அம்மா இப்படித்தான் எடுத்துவைப்பார்; ஒருநாளும் மோசம் போனதில்லை. 2019 ஐப்பசி, முதல் மழை விழுந்த மறுநாள். பாத்தியில் போடுவதற்கு முன் ஒரு விதையை நகத்தால் கீறிப் பார்த்தேன். தோல் தனியே கழன்று வந்தது. உள்ளே பருப்பு சுண்டிப்போய், விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. பத்து விதை கீறினேன். பத்தும் அப்படியே. மனசு கேட்காமல் மிச்சம் 190-ஐயும் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அதே முறையில் வைத்திருந்த இன்னொரு காட்டு மரமான உலக்கைப்பாலையின் விதை 300-இல் 11 வந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிப் பக்கம். ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரையை ஒட்டி அய்யனார் கோயில்காடு. இப்போது மூன்றரை ஏக்கர்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது தென்னை, தைலமரம் என்று ஊரே படுத்துவிட்டது. கோயில்காட்டுக்குள் விழுந்தது இரண்டே கிழட்டு மரம். ஆனால் அந்த இரண்டும் விழுந்த சந்தில் வெயில் இறங்கியதும், ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே சீமைக்கருவேலம் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. சரி, அதைப் பிடுங்கிவிட்டு அங்கே இதே காட்டின் கன்றுகளை வைக்கலாம் என்று நானும் நண்பர்கள் மூன்று பேரும் இறங்கினோம். எனக்குத் தொழில் மின்சாமான் கடை. மரம் பற்றித் தெரிந்தது, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அளவுதான்.

இந்த மாதிரிக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழை குறைவான இடத்திலும் வருடம் முழுக்க இலை உதிர்க்காமல் நிற்கிற, அதிக உயரம் போகாத, நெருக்கமான காடு. நம் நாட்டில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையை ஒட்டித்தான் இது உண்டு. 1967-இல் சரணாலயமாக அறிவித்த கோடியக்கரையில் கொஞ்சம் பெரிய பரப்பு மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு திட்டு. மற்றபடி எங்கள் ஊர் மாதிரி சாமிக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகள்தான். ஆரோவில்லில் வெறும் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் இதே வகைக் காட்டைப் பல பத்தாண்டுகளாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நோட்டுப்புத்தகத்தில் பட்டியல் போட்டேன்: உலக்கைப்பாலை, வீரை, காசான், குருந்து, புரசு. எங்கள் காட்டில் எது எத்தனை நிற்கிறது என்பது அந்த வயதுவரை எனக்குத் தெரியாது.

எண்ணிப் பார்த்தோம். ஆணி அடிக்கவோ பெயின்ட் பூசவோ கூடாது என்பதால் கையால் வரைந்த வரைபடத்தில் மட்டும் எண் போட்டோம். பாலை 14. காசான் ஏராளம், எண்ணவில்லை. குருந்து 20-க்குமேல். வீரை 9. புரசு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி பட்டுப்போனது.

புரசு என்றால் பலாசம் என்று நினைப்பவர்கள் உண்டு. பூவரசு என்று நினைப்பவர்களும் உண்டு. நான் சொல்வது பட்டுப்போல் மினுங்குகிற மஞ்சள் கட்டை உள்ள மரம். இலங்கைத் தமிழர் முதிரை என்பார்கள். கட்டைக்காகவே வெட்டி வெட்டிக் குறைந்துபோய், உலக அளவில் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. குருந்து எங்கள் மாவட்டத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகரை ஆட்கொண்டது குருந்த மரத்தடியில் என்பார்கள், அங்கே தலமரமும் அதுதான். காசான் வேறு யாருமில்லை, பாட்டில் வரும் காயா. பெருமாளைக் காயாம்பூ நிறம் என்று பாடுகிறோமே, அந்த நீலத்தைப் பூத்திருக்கும்போது பார்க்க வேண்டும். பூ கிளை நுனியில் வராது. குச்சியை ஒட்டியே கொத்துக்கொத்தாக, யாரோ நீலத்தூளை அள்ளித் தெளித்த மாதிரி.

விதை எடுப்பதற்கு முன் ஒரு சிக்கல். கோயில்காட்டிலிருந்து சுள்ளிகூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. பூசாரி வேளார், அதாவது குயவர்; அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப்போகிற புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்வதும் அவர் குடும்பம்தான். போய்க் கேட்டேன்.

"விதைதானே அய்யா, இங்கேயே திரும்ப நடப்போறோம்."

"நீ நடுவே தம்பி. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கட்டைதானேம்பான். என்னைக் கேட்டா? அவரைக் கேளு."

அவர் என்றது அய்யனாரை. வெள்ளிக்கிழமை சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை எடுத்தது வெள்ளை. உத்தரவு கிடைத்தது. கூடவே வேளார் ஒரு நிபந்தனை போட்டார்: மரத்தில் ஏறக்கூடாது, உலுக்கக்கூடாது, கீழே விழுந்ததை மட்டும் பொறுக்கலாம், அதிலும் பறவைக்கு மிச்சம் வைக்க வேண்டும். விதை சேகரிப்பவர்கள் ஒரு மரத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக்கூடாது என்று கணக்கு வைத்திருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். வேளார் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்படி உத்தரவு வாங்கிப் பொறுக்கிய விதையைத்தான் டப்பாவில் போட்டுக் கொன்றேன்.

என்ன தப்பு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. நெல்லை விதைக்கு வைக்கும்போது ஈரம் 13 சதவீதத்துக்குமேல் இல்லாதபடி காயவைக்கிறோம். காயக் காய உள்ளே கரு தூங்கிவிடும். தண்ணீர் பட்டால் எழும். விதை வங்கிகள் எல்லாம் இந்தத் தூக்கத்தை நம்பித்தான் நடக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் மலையைக் குடைந்து மைனஸ் 18 டிகிரியில் உலகத்துப் பயிர் விதைகளை வைத்திருப்பதும் அதனால்தான். காசான் விதைக்கு அந்தத் தூக்கம் தெரியாது. மரத்திலிருந்து விழும்போதே முளைக்கிற வேகத்தோடு, ஈரத்தோடு விழுகிறது. ஈரம் போனால் உயிரும் போச்சு. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் இதே சாதி. பலாக்கொட்டையைச் சாம்பலில் போட்டு மூன்று மாதம் கழித்து யாராவது விதைப்பார்களா? தெரிந்த விஷயம்தான். காட்டு மரம் என்றதும் மறந்துவிட்டேன். பாலை அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதுவும் வைத்திருக்க வைத்திருக்கச் சாகிறது. ஆக, இந்த மரங்களை டப்பாவிலோ குளிர்பெட்டியிலோ எடுத்துவைத்துவிட்டு நிலத்தை வேறு எதற்கோ கொடுத்துவிட முடியாது.

2020 வைகாசியில் ஊரடங்கு. கடை பூட்டு, கையில் நேரம். அன்றன்று விழுந்ததை அன்றன்றே விதைப்பது என்று முடிவு செய்தோம்.

காலையில் ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். ஏழு மணிக்குச் சின்னான் குருவிகளும் எறும்பும் எழுந்துவிடும். பாலைப்பழம் மஞ்சளாக, கிட்டத்தட்ட வேப்பம்பழம் அளவில் இருக்கும். கோடியக்கரைப் பக்கம் படியில் அளந்து விற்பார்கள், இலங்கையில் வன்னிப் பக்கம் அதற்குத் தனி மவுசு. தின்றால் உதட்டில் பால் பிசினாக ஒட்டும். அந்தப் பிசின்தான் விதைக்கும் எதிரி. சதை ஒட்டியிருந்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. பழத்தை ஆற்றுமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக் கையால் பிசைந்து, வாளித் தண்ணீரில் அலசினால் பழுப்பு நிறத்தில் பளபளவென்று விதை தனியாக வரும். மிதக்கிறதை எறிந்துவிட வேண்டும்.

நாற்றங்கால் கொல்லையில், முருங்கைக்கு அடியில். பாதி மணல், பாதி கோயில்காட்டு இலைமக்கு. அதற்குமேல் ஐம்பது சதவீத நிழல்வலை. விதையின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆழம்தான், அதற்குமேல் புதைக்கவில்லை. பூவாளியில் காலை மாலை தண்ணீர். தண்ணீர் தேங்கினால் அழுகும், ஒருநாள் விட்டால் காயும். கைக்குழந்தை பார்க்கிற வேலைதான்.

இந்தச் சமயத்தில் ஒரு நல்லது நடந்தது. குதிரைச் சிலை பீடத்தின்மேல் மரநாய் கழித்துவைத்திருந்தது. நிறையப் பாலை விதை, கழுவித் துடைத்த மாதிரி. நண்பன் முகத்தைச் சுளித்தான். நான் 40 விதையைத் தனியாக எடுத்து, தனிப் பாத்தியில் போட்டு, "ம.நா." என்று அட்டை குத்தினேன். ஒரு மாதம் போனபிறகு முளைப்பு தொடங்கியது. நான் பிசைந்து கழுவியது 240-இல் 131. மரநாய் கழுவியது 40-இல் 29. சின்னக் கணக்குதான், இதை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்குப்பிறகு பீடத்தைக் கழுவுவதற்கு முன் எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

காசான் 150 போட்டதில் 64. டப்பாவில் ஒன்றுகூட வராத அதே மரத்து விதை. குருந்து 100-இல் 71, அது எலுமிச்சைச் சாதி, தொந்தரவு தராது. வீரைதான் அழவைத்தது, 90-இல் 22. வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் ஒன்பதில் காய்த்தது நான்குதான். ஆண் மரங்கள் எல்லாம் பட்டுப்போனால் பெண் மரங்கள் நின்றும் பயனில்லை. கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது என்பதால் வீரையைத் தனித்தனியாக நடாமல் நாலைந்தாகச் சேர்த்தே நடுவது என்று வைத்துக்கொண்டோம்.

புரசுக்கு எங்கள் ஒற்றை மரத்தை நம்ப முடியவில்லை. 12 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோயில்காட்டில் ஏழு மரம் நின்றன. அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு விதை வாங்கினோம். (காப்புக்காடு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அனுமதியில்லாமல் அங்கே பொறுக்கக் கூடாது.) புரசுக் காய் மூன்றாகப் பிளந்து, சிறகு வைத்த விதை காற்றில் போய்விடும். வெடிப்பதற்கு முதல்நாள் மரத்தடியில் பழைய சேலை விரித்துவைத்தது என் மனைவியின் யோசனை. நாங்கள் மூன்று நாளாக விதையைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து வந்த யோசனை அது.

பைக்கு மாற்றியதில் ஒரு தவறு. நாற்றுக்கடையில் கிடைக்கிற சின்னப் பாலித்தீன் பையையே வாங்கினேன். இந்த மரங்கள் மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே இரண்டு சாண் போய்விடுகின்றன. எட்டு மாதம் கழித்து ஒரு பாலைக் கன்றைப் பிரித்துப் பார்த்தால் ஆணிவேர் பையின் அடியில் ஜிலேபி மாதிரி சுற்றியிருந்தது. அப்படியே நட்டால் பின்னாளில் காற்றுக்குச் சாயும். எல்லாவற்றையும் உயரமான பைக்கு மாற்றினோம். மாற்றும்போது 19 செத்தன.

பாலையின் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சப்போட்டா ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படுவது இந்தப் பாலைதான். பென்சில் கனம் வருவதற்கே இரண்டு வருடம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஒட்டுக்கன்று வியாபாரி ஒருவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டுக் கன்றுக்கு 25 ரூபாய் தருகிறேன் என்று மொத்தமாகக் கேட்டார். ஒரு நிமிடம் மனக்கணக்குப் போட்டேன் என்பதை மறைக்கவில்லை. வேளார் போட்ட பூ ஞாபகம் வந்தது.

2021 ஐப்பசியில் நட்டோம். சீமைக்கருவேலத்தை முதல் வருடம் தரையோடு வெட்டினோம், அது நாலு கிளையாகத் துளிர்த்தது. அதன் உயிர் தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் இருக்கிறது. அந்தக் கழுத்துக்குக் கீழே கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தால்தான் தீரும். அதைத் தோண்டிய வேகத்தில் காரை, சூரை, கிளுவை என்று முள்ளாகத் தெரிந்த எல்லாவற்றையும் சுத்தம் செய்தோம். பார்க்க அழகாக இருந்தது. வரிசை பிடித்து 212 கன்று. ஊரில் பெயரும் கிடைத்தது. அடுத்த வைகாசியில் எண்ணியபோது 61.

கொஞ்சம் ஆடு, கொஞ்சம் கறையான், மிச்சமெல்லாம் வெயில். ஆனால் பிழைத்த 61-ஐ வரைபடத்தில் குறித்தபோது ஒன்று தெரிந்தது. முக்கால்வாசி ஓரத்தில், சோம்பல்பட்டு வெட்டாமல் விட்ட காரைப் புதர்களை ஒட்டி இருந்தன. அந்தப் புதருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே மண் சுட்டது. உள்ளே சருகுக்கு அடியில் ஈரம் விரலில் ஒட்டியது. முள் இருப்பதால் ஆடும் வாய் வைக்கவில்லை. பெரிய மரத்தின் கன்று முதலில் முள்ளுக்குள்தான் வளர்கிறது, தலை வெளியே வந்தபின் முள்ளை அதுவே நிழல்போட்டு அடக்குகிறது. நாங்கள் செய்தது தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளையைத் தரையில் போட்ட வேலை.

அடுத்த முறை, 2022-இல், சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் மட்டும்தான் எடுத்தோம். நாட்டு முள் எதையும் தொடவில்லை. 140 கன்று, ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு புதரின் கிழக்குப் பக்கத்தில், பிற்பகல் வெயில் படாதபடி. வரிசையும் இல்லை ஒன்றும் இல்லை. நட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே வரைபடம் வேண்டும்.

தண்ணீருக்குப் பானை. இதற்கு வேளார்தான் குரு. சூளையில் லேசாகக் கோணிப்போன, விற்க முடியாத பானைகளை அடுக்கிவைத்திருந்தார். ஐந்து லிட்டர் பிடிக்கும். கன்றுக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். அடியில் ஓட்டை எதுவும் வேண்டாம். சுட்ட மண்ணின் துளைகள் வழியாக, சுற்றி மண் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு இழுத்துக்கொள்ளும். மழை நாளில் பானை அப்படியே நிறைந்திருக்கும். சித்திரை வெயிலில் ஐந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பினோம். முதலில் மூடாமல் விட்டோம். ஓணான் விழுந்து செத்தது, கொசு முட்டையிட்டது. அப்புறம் உடைந்த பானைச் சில்லையே மூடியாகப் போட்டோம். ஒரு தடவை சந்தேகம் வந்து ஒரு பானையைத் தோண்டிப் பார்த்தேன். வெளிப்புறம் முழுக்க வேர், வலை பின்னிய மாதிரி, பானையை இறுகக் கட்டிப்பிடித்திருந்தது. மெதுவாக மண்ணை மூடிவிட்டு வந்தேன். அந்தக் கன்று ஒரு வாரம் வாடி, பிறகு தெளிந்தது. 2024 வைகாசியில் 140-இல் 104 நின்றன.

இடையில் கும்பாபிஷேகம் வந்தது. வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிற ஒருவர் கோயிலைச் சுற்றி முழுக்கச் சிமென்ட் கல் பதித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு, மழையில் சேறு மிதிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து காடு, விதை என்றெல்லாம் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. வேளார் ஒரு வார்த்தை சொன்னார்: "புரவி எடுக்கிற அன்னைக்கு வெறுங்காலோட வர்றோம். சித்திரையில அந்தக் கல்லுல நின்னு பாருங்க." கல் சன்னதிக்கு முன்னால் பத்தடியோடு நின்றது.

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் கூட்டுவதைப் பற்றியும் பேச முடிந்தது. வெள்ளிதோறும் காடு முழுக்கச் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது வழக்கம். பக்தியாகச் செய்கிற வேலை, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து காசான் விதையைக் கூட்டிய தரையிலும் பத்தைச் சருகுக்கு அடியிலும் போட்டு வேளார் வீட்டம்மாவிடம் காட்டினேன். வெறுந்தரையில் போட்டது நாலாம் நாளே சுண்டிவிட்டது, நான் டப்பாவில் பார்த்த அதே சுண்டல். அந்த அம்மா இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "குதிரைக்குப் பின்னாடி யாரும் வர்றதில்லையே, அங்க விட்டுர்றேன்" என்றார்.

குதிரைக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது அடிக்கு முப்பது அடி. இரண்டு வருடமாகத் துடைப்பம் படவில்லை, சருகு கணுக்கால் அளவு. போன ஞாயிற்றுக்கிழமை பானைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கே உட்கார்ந்து சருகை விலக்கிப் பார்த்தேன். நாங்கள் அங்கே எதையும் நடவில்லை. காசான் 17, இரண்டிரண்டு இலையோடு. குருந்து 5. ஒரு வீரை. வரைபடத்தில் புள்ளி வைக்க பென்சிலைத் தேடினால், வேளார் வீட்டம்மா வெறுங்கையோடு வந்து நின்று, "எத்தனை?" என்று கேட்டார்.